எல்லாரும் வர்றாங்க

இப்போதெல்லாம் கல்யாணப் பத்திரிகை போனில்தான் வருகிறது. அடியில் ஒரு வரி போட்டிருப்பார்கள்: இதையே நேரில் வந்து அழைத்ததாக ஏற்றுக்கொள்ளவும். நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் இதைப் பற்றித்தான் புலம்புகிறோம். வீடு தேடி வந்து, வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்ட காலம் போயிற்றே என்கிறீர்கள். அப்போதெல்லாம் நான் வாயைத் திறப்பதில்லை, கவனித்திருக்கிறீர்களோ என்னவோ. வீடு வீடாக ஏறி இறங்கி, ஒவ்வொருவரையும் முறை சொல்லிக் கூப்பிட்ட ஒரு மனிதரோடு தாம்பாளம் ஏந்திக்கொண்டு நடந்தவள் நான். அந்த அழைப்பு என்ன ஆயிற்று என்பது எனக்குத் தெரியும்.

அவர் என் பெரியப்பா. காவிரி கடலில் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால் இருந்த ஒரு சின்ன டவுனில் ரைஸ் மில் டிரைவர். டிரைவர் என்றதும் லாரியை நினைக்காதீர்கள். மில் எஞ்சினைக் கிளப்பி, பெல்ட்டை மாட்டி, நெல்லை அரிசியாக்கித் தருகிறவருக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். அப்பாவுக்குப் பம்பாயில் வேலை. தம்பி பிறந்ததும் அந்த ஒற்றை அறையில் இடம் போதவில்லை என்று என்னைக் கொண்டுவந்து பெரியப்பா வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். ஒரு வருடத்துக்குத்தான், வந்து அழைத்துக்கொள்கிறோம் என்றார்கள். எனக்கு அப்போது பத்து வயது.

பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளை இல்லை. வீட்டில் நான் மட்டும்தான் குழந்தை. என்ன கேட்டாலும் கிடைத்தது. ஆனாலும் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மா ஞாபகம் வந்து வாசல்படியில் போய் உட்கார்ந்துகொள்வேன். பெரியம்மாவுக்கு அது தெரியும். "போ, பெரியப்பாவக் கூட்டிக்கிட்டு வா" என்று மில்லுக்கு விரட்டிவிடுவாள்.

மில்லை நெருங்கும்போதே அவித்த நெல்லின் வாசனை வரும். எஞ்சின் சத்தம் தரையில் அதிர்ந்து உள்ளங்காலில் ஏறும். எஞ்சினைக் குளிரவைத்து வெளியே வருகிற தண்ணீர் வெதுவெதுப்பாக ஒரு சிமெண்டுத் தொட்டியில் விழுந்துகொண்டிருக்கும். மார்கழிக் குளிரில் அந்தத் தொட்டியில் இறங்கிக் குளித்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். லேசாக டீசல் வாசனை அடிக்கும், அவ்வளவுதான். பெரியப்பாவின் புருவம், இமை, காது மடல் எல்லாம் தவிடு படிந்து வெளுத்துப் போயிருக்கும். அந்தத் தொட்டித் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டு, "பாத்தியா, பெரியப்பா இளந்தாரியாயிட்டேன்" என்பார்.

ஊரில் அவருக்கு முறை இல்லாத ஆள் கிடையாது. சாதி பார்த்து, வயது பார்த்து அளந்து பேசுகிற ஊரில் இவர் பாட்டுக்கு எல்லாரையும் சொந்தமாக்கி வைத்திருந்தார். பெரிய பண்ணையார் அவருக்கு மாப்ளே. கீழத்தெருவிலிருந்து கூலி நெல்லைத் தலையில் சுமந்து வருகிற நடவுக்காரம்மா தங்கச்சி. அந்தம்மாதான் நடவுப் பெண்களுக்கெல்லாம் தலைவி. அந்தம்மா மட்டும் பதிலுக்கு அண்ணன் என்று சொன்னதில்லை, "டிரைவரய்யா" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

மில்லில் அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று. வந்த வரிசை. மூட்டையோ, சாக்கோ, பித்தளைக் குடமோ, சுவரோரமாக வைத்துவிட்டு நிற்க வேண்டும். முதலில் வந்தது முதலில் அரையும். ஒரு நாள் பண்ணையார் தன் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்று அவசரப்படுத்தினார்.

"என்ன டிரைவரே, என் வண்டி ஒரு மணி நேரமா நிக்குது. அந்தத் தலைச்சுமையெல்லாம் அப்புறம் அரைச்சா ஆகாதா?"

"ஆகாது மாப்ளே. பெல்ட்டுக்குக் கண்ணில்ல, நான்தான் பாத்துக்க வேண்டியிருக்கு. அந்தக் குடம் தங்கச்சியோடது. அது முடிஞ்சா உங்க வண்டிதான்."

பண்ணையார் சிரித்துவிட்டார். வேறு யார் சொல்லியிருந்தாலும் சிரித்திருக்க மாட்டார்.

அந்த வருடம் தையில் பெரியப்பாவுக்கு அறுபது நிறைகிறது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று பெரியம்மாவுக்கு உள்ளூர ஆசை. ஆனால் வாய்விட்டுச் சொல்ல வெட்கம். அறுபதாம் கல்யாணம் என்பது பிள்ளைகள் முன்னின்று அப்பா அம்மாவுக்குச் செய்து வைப்பது. "நமக்கு யாரு எடுத்துச் செய்யறது" என்று ஒரு நாள் மில்லுக்குச் சாப்பாடு கொண்டு வந்தபோது மெதுவாகச் சொன்னாள். சுவரோரம் வரிசையில் நின்றவர்கள் காதில் விழுந்துவிட்டது.

"ஏம்மா, நாங்கல்லாம் புள்ளைங்க இல்லியா?" என்றார் நடவுக்காரம்மா.

"ஊரே எடுத்துச் செய்யும். அரிசி என் பொறுப்பு" என்றார் பண்ணையார்.

"காய்கறியும் இலையும் எங்க தெருவுலேருந்து. ஆனா நாங்க வந்து எச்சி இலை எடுக்கமாட்டோம். இப்பவே சொல்லிட்டேன்" என்றார் நடவுக்காரம்மா.

"நீ ஏன் இலை எடுக்கற? நீ மொதப் பந்தியில உக்காந்து சாப்பிடற தங்கச்சி" என்றார் பெரியப்பா. பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

இது மழைக்காலத்தில் நடந்த பேச்சு. தை நெருங்கும்போது ஊர் வேறாக மாறியிருந்தது.

கட்சி ஆட்சிக்கு வந்த புதிது. டீக்கடைக்கு டீக்கடை கறுப்பு சிவப்புக் கொடி. நிலமெல்லாம் உழுகிறவனுக்கு வரப்போகிறது என்று மேடையில் பேசினார்கள். வயலில் அது வந்து சேரவில்லை. அறுவடைக் கூலியை உயர்த்தித் தராவிட்டால் அரிவாளைத் தொடமாட்டோம் என்று கீழத்தெருக்காரர்கள் வேலையை நிறுத்தினார்கள். தெருமுனையில் சிவப்புக் கொடி ஏறியது. வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்துக்கொள்வேன் என்றார் பண்ணையார். இறக்கவிடாமல் கீழத்தெருக்காரர்கள் வரப்பில் காவல் நின்றார்கள். கீழத்தெரு ஆட்கள் திமுதிமுவென்று இறங்கிக் கதிரைத் தாங்களே அறுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பண்ணை ஆட்கள் எதிர் வரப்பில் காவல் நின்றார்கள். தெற்கே ஓர் ஊரில் குடிசைக்குள் மனிதர்களை வைத்து எரித்த சேதி வந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. பிள்ளைகள் முன்னால் பெரியவர்கள் அதைப் பேசமாட்டார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் ரிசர்வ் போலீஸ் வந்து தங்கியது. எங்களுக்கு லீவு.

பெரியப்பா இதையெல்லாம் பார்க்காமல் இல்லை. "பங்காளிச் சண்டை மாதிரிதான். ஒரு பந்தியில உக்காந்து ஒரு வாய் சாப்பிட்டா பாதி போயிடும்" என்றார். உண்மையாகவே நம்பினார். அவர் சுபாவமே அப்படி. லீவில் சும்மா இருந்த என் கையில் தாம்பாளத்தைக் கொடுத்து, வெற்றிலை, பாக்கு, குங்குமம் எல்லாம் எடுத்து வைத்து, அழைக்கக் கிளம்பினார்.

முதலில் கீழத்தெரு. எங்கள் தெரு ஆள் ஒருவர் தாம்பாளத்தோடு அந்தத் தெருவுக்குள் போவது அதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னார்கள். புது ஆள் நுழைந்ததும் முதலில் நாய்கள் எழுந்தன, பிறகு மனிதர்கள் எழுந்து நின்றார்கள். பெரியப்பா என்று தெரிந்ததும் முகங்கள் இளகின. நடவுக்காரம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து தாம்பூலத்தை வாங்கிக்கொண்டார். வேலைநிறுத்தத்தை நடத்துகிற சங்கத்துக்காரர் பக்கத்தில் நின்றார். கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற மனிதர்.

"யார் யாரு வர்றாங்கய்யா?" என்று அவர் கேட்டார்.

"எல்லாரும் வர்றாங்க" என்றார் பெரியப்பா பெருமையாக. "பண்ணையாரு குடும்பத்தோட வர்றாரு. காரியஸ்தரு வர்றாரு. பண்ணையில ஒரு ஆள் தங்கமாட்டாங்க. நீங்களும் தெருவ ஒழிச்சிட்டு வந்துடணும்."

"அப்ப அன்னிக்கு வயல்ல யாரு இருப்பா?"

"வயலு எங்க தம்பி ஓடிப்போகுது?" என்று சொல்லிப் பெரியப்பா கடகடவென்று சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள், கொஞ்சம் பிந்தி.

அங்கிருந்து நேரே பண்ணை வீடு. பண்ணையார் சாய்வு நாற்காலியில் இருந்தார். எழுந்து வந்து தாம்பூலத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"வராம இருப்பேனா டிரைவரே. அரிசி முன்னாடியே வந்து சேந்துடும். கூட்டம் எப்படி?"

"எல்லாரும் வர்றாங்க மாப்ளே. கீழத்தெரு பூராவும் வருது. ஒரு ஆள் மிச்சம் இருக்காது, பாத்துக்குங்க."

பண்ணையார் பக்கத்தில் நின்ற தன் காரியஸ்தரைப் பார்த்தார். "அப்ப அன்னிக்கு வயல்ல யாரு இருப்பா?" என்றார்.

அதே கேள்வி. தாம்பாளத்தை ஏந்தி நின்ற எனக்கே அது அதே கேள்வி என்று தெரிந்தது. பெரியப்பா அதே பதிலைச் சொல்லி அதே மாதிரி சிரித்தார். திரும்பி வரும் வழியில், "ரெண்டு பேரும் ஒண்ணாட்டம் கேக்கறானுங்க பாத்தியா? மனசு ஒண்ணாத்தான் இருக்கு" என்று என் தலையைத் தட்டினார்.

முதல் நாளே அரிசி மூட்டைகள் திருக்கடையூர் வந்து சேர்ந்தன. கீழத்தெருவிலிருந்து பூசணிக்காயும் வாழைக்காயும் இலைக்கட்டும் வந்தன. பம்பாயிலிருந்து தந்தி மட்டும் வந்தது. அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை.

கல்யாணத்தன்று காலையில் பெரியப்பா பட்டு வேஷ்டி கட்டியிருந்தார். மண்டபத்துக்குப் பின்னால் கோட்டை அடுப்பில் பெரிய பெரிய அண்டாக்கள். சாம்பார், பூசணிக்காய்க் கூட்டு, வாழைக்காய் வறுவல், பருப்புப் பாயசம். வாசனையிலேயே பசித்தது. எங்கள் ஊர்ப் பக்கமிருந்து பஸ் வந்து ஹாரன் அடிக்கும்போதெல்லாம் பெரியப்பா வாசலைப் பார்த்தார். பஸ்ஸிலிருந்து பெரியம்மாவின் தம்பி இறங்கினார், மனைவியோடு. அடுத்த பஸ்ஸில் யாரும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை.

கலசத் தண்ணீரை ஊற்றிக் குளிப்பாட்டினார்கள். ஈரம் சொட்ட இரண்டு பேரும் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். குருக்கள் தட்டில் தாலியை வைத்துக்கொண்டு, "மாங்கல்யத்தை எடுத்துக் கொடுக்கறது யாரு? பிள்ளைகளைக் கூப்பிடுங்கோ. நல்ல நேரம் போயிண்டிருக்கு" என்றார்.

"கொஞ்சம் பொறுங்க சாமி. ஒரு பஸ்ஸு பாத்துடுவோம்" என்றார் பெரியப்பா.

அந்த பஸ்ஸும் வந்தது, போனது. பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பெரியப்பா என்னைப் பார்த்து, "நீ எடுத்துக் குடும்மா" என்றார். நான் தாலியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அட்சதை போட நாங்கள் மூன்று பேர் இருந்தோம். கெட்டிமேளம் ஊருக்கே கேட்கிற மாதிரி முழங்கியது, அதைக் கேட்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

விரித்த பாய் விரித்தபடி கிடந்தது. "சேரிக்கெல்லாம் போய்த் தாம்பூலம் வச்சா எந்த மனுஷன் வருவான் அத்தான்?" என்றார் பெரியம்மாவின் தம்பி. பெரியப்பா மண்டபத்துக்கு வெளியே போய், சாமி பார்க்க வந்தவர்கள், யாத்திரைக்காரர்கள், பிச்சை எடுப்பவர்கள் எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றோடு தானே வாளியைத் தூக்கிப் பரிமாறினார். ஒவ்வொரு இலையின் முன்னாலும் குனிந்து, "எந்த ஊருங்க?" என்று கேட்டார். யாரோ ஒருவராவது எங்கள் ஊர் என்று சொல்லிவிட மாட்டார்களா என்று எனக்கு இருந்தது. திருவாரூர் என்றார்கள், சேலம் என்றார்கள். நன்றாகச் சாப்பிட்டு, தீர்க்காயுசா இருக்கணும் என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள். அப்படியும் பாதிச் சோறு மிஞ்சியது.

வீட்டுக்குப் போக யாருக்கும் மனசு வரவில்லை. பெரியம்மாவின் தம்பியை அனுப்பிவிட்டு நாங்கள் மூன்று பேரும் தரங்கம்பாடிக்கு பஸ் ஏறினோம். எனக்குக் கடல் காட்ட என்று சொல்லிக்கொண்டார்கள். மாலையும் பட்டுமாக மணலில் உட்கார்ந்திருந்த கிழத் தம்பதியை, வலை காய வைத்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. அலை வந்து என் பாவாடையை நனைத்தது. திரும்பிப் பார்த்தேன். பெரியப்பா கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பஸ் வருகிற ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புள்ளை இல்லாதவ கல்யாணத்துக்கு யாரு வருவா?" என்றாள் பெரியம்மா, யாரிடமும் இல்லாமல். "என்னால உங்களுக்கும் அவமானம்."

"உன்னால இல்ல. நான் என்னமோ தப்பாப் பேசியிருக்கேன். என்னன்னுதான் தெரியல" என்றார் பெரியப்பா.

நானும் ஒரு முடிவுக்கு வந்தேன். பம்பாய்க்காரர்களும் வரவில்லை, ஊர்க்காரர்களும் வரவில்லை. கூப்பிட்டால் வருவார்கள் என்பது பெரியவர்கள் சொல்கிற பொய் என்று முடிவு கட்டினேன். பத்து வயதில் கட்டிய முடிவு. அதை மாற்றிக்கொள்ள எனக்கு வெகு காலம் பிடித்தது, இன்னமும் முழுசாக மாறவில்லை என்பான் என் மகன்.

சில நாட்களில் தாலுகா ஆபீசில் கூட்டி வைத்துப் பேசிக் கூலி முடிவாயிற்று. போலீஸ் லாரி போனது. அறுவடை நடந்தது. புது நெல் மில்லுக்கு வந்தது. பண்ணை வண்டியும் வந்தது, நடவுக்காரம்மாவின் குடமும் வந்தது. யாரும் கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணைத் தாழ்த்திக்கொண்டு சுவரோரம் நின்றார்கள். பெரியப்பாவும் கேட்கவில்லை. வரிசை மாறாமல் அரைத்துக் கொடுத்தார். தங்கச்சி இல்லை, மாப்ளே இல்லை. வாங்க, வைங்க, எடுத்துக்குங்க. அவ்வளவுதான். எஞ்சின் சத்தத்தில் அது பெரிதாகத் தெரியவில்லை. நான் கவனித்தேன். சித்திரையில் அப்பா வந்து என்னை அழைத்துப்போகும்வரை ஒரு நாளாவது அந்தப் பழைய குரல் வராதா என்று தினமும் மில்லுக்குப் போனேன். வரவில்லை.

பிறகு நான் வளர்ந்து, கல்யாணமாகித் திருச்சிக்கு வந்துவிட்டேன். வருடத்துக்கு ஒரு முறை போய்ப் பார்ப்பேன். எஞ்சின் போய் மில்லில் கரண்ட் மோட்டார் வந்தது. வெந்நீர்த் தொட்டியில் துருப்பிடித்த சாமான்கள் கிடந்தன. பெரியப்பா கடைசிவரை மரியாதையான மனிதராகவே இருந்தார். எல்லாருக்கும் ஒரே மரியாதை. யாரோடும் ஒட்டாத மரியாதை.

அவர் இறந்த சேதி வந்து நான் போய்ச் சேரும்போது வாசலில் கால் வைக்க இடமில்லை. சாவுக்கு யாரும் அழைப்பு வைப்பதில்லை, உங்களுக்குத் தெரியும். கீழத்தெரு முழுக்க வந்திருந்தது. பண்ணை வீடு முழுக்க வந்திருந்தது. டீக்கடைக்காரர்கள், பஸ் கண்டக்டர்கள், அவர் கையால் அரிசி வாங்கிப் போனவர்கள் எல்லாரும் தெரு முனை வரைக்கும் நின்றார்கள்.

பெரியம்மா அழவில்லை. பெரியப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்.

"இன்னிக்கு ஒங்கள யாரும் கூப்பிடலியே. எப்படி எல்லாரும் வந்தீங்க?"

கூட்டம் அடங்கிப்போயிற்று. நடவுக்காரம்மாதான் முன்னால் வந்தார். தலை நரைத்திருந்தது.

"அண்ணி," என்றார். அந்த வார்த்தையை அந்த வாயிலிருந்து அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். "அன்னிக்கு நல்ல சேல கட்டிக்கிட்டுத்தான் நின்னோம். எங்கள ஊரவுட்டுக் கெளப்பிட்டு, வெளியாள எறக்கி அறுக்கத்தான் இப்படி எல்லாரையும் கூப்பிடறாங்களோன்னு தெருவுல ஒரு பேச்சு. பண்ணை வண்டி கெளம்பட்டும், கெளம்பினதும் பஸ்ஸுக்குப் போயிடலாம்னு வரப்புலயே நின்னோம். சாயங்காலம் வரைக்கும் வண்டி கெளம்பல."

பண்ணையார் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றார். நடவுக்காரம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"வண்டி பூட்டித்தாம்மா நின்னுச்சு. புள்ளைங்க பட்டுப் பாவாடையோட வண்டியில உக்காந்திருந்தாங்க. நீங்க வரப்ப விட்டு எறங்கினா கெளம்பறதுன்னு..."

"இத அவருக்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றாள் பெரியம்மா.

"என்னன்னு சொல்றது அண்ணி? அண்ணன் வச்ச வெத்தலயில சூது இருக்குமோன்னு நெனச்சோம்னா சொல்றது? அந்த மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது?"

என்ன தப்பாகப் பேசினோம் என்று தெரியாமலே ஒரு மனிதர் இத்தனை வருடம் வாயைக் கட்டிக்கொண்டு வாழ்ந்திருக்கிறார். எல்லாரும் வர்றாங்க என்று சொன்னதுதான் தப்பு. அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும். அந்தப் பதிலை இப்போது இத்தனை பேர் கேட்டோம். கேட்க வேண்டியவர் மட்டும் கேட்கவில்லை.

வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. எங்கள் வழக்கத்தில் வீட்டு வாசலிலேயே பெண்களும் போடுவார்கள். சொந்தக்காரர்கள் முதலில் வரட்டும், மற்றவர்கள் ஒதுங்கி நில்லுங்கள் என்று யாரோ குரல் கொடுத்தார்கள். பெரியம்மா கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"யாரும் ஒதுங்க வேணாம். வந்த வரிசையிலயே வாங்க. அவருக்கு அதான் புடிக்கும்."

தாம்பாளத்தில் அரிசியைக் கொட்டி என் கையில் கொடுத்தாள். நடவுக்காரம்மா விடிவதற்கு முன்பே வந்து வாசலில் உட்கார்ந்திருந்தாராம். அவர் முதலில் வந்து ஒரு பிடி அள்ளினார். கீழத்தெருப் பெண்கள் பின்னால் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பண்ணையார் கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தன் முறை வரும்வரை சுவரோரமாக நின்றார். பிள்ளைகள் போடுகிற அரிசியை ஒவ்வொருவராக வந்து போட்டார்கள். வரிசை தெருமுனை தாண்டி நின்றது. தாம்பாளம் காலியாயிற்று. நான் உள்ளே போய் இன்னும் ஒரு படி அரிசி அள்ளிக்கொண்டு வந்தேன்.